என் காதலுக்கு வேறு வேறு பெயர் வைத்த மூன்று வருடங்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தேன். போன மாதம் ஒரு பெண் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பியிருந்தாள். தனக்கு இன்னொரு பெண்ணைப் பிடித்திருக்கிறது, ஆவிகளோடு பேசுவதாகச் சொல்லும் ஒரு ஷாமன் வழிகாட்டி தன்னைப் பார்த்துவிட்டு "உனக்குள் ஓர் ஆண் ஆவி குடியிருக்கிறது, எடுத்துவிடலாம்" என்கிறார், அதற்கு முன்பணம் கட்டலாமா என்று கேட்டிருந்தாள். படித்ததும் கை நடுங்கியது. கிட்டத்தட்ட இதே வார்த்தைகளை ஐந்து வருடத்துக்கு முன்னால் என்னிடமும் ஒருவர் சொன்னார். கேட்டுப் பார்க்க எனக்கு அப்போது ஆள் இல்லை. நான் பணம் கட்டினேன்.

அப்போது எனக்கு 31 வயது. கூட வேலை பார்த்தவள், நான்கு வருடமாக என் நெருங்கிய தோழி. இங்கே அவளை அவள் என்று மட்டும் சொல்கிறேன். அவளுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. கிளம்பிய அன்று வாசல் வரை போனேன், வாய் வரை ஏதோ வந்தது, என்னவென்று எனக்கே தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன். அந்த வாரத்திலிருந்து தூக்கம் போயிற்று. படுத்தால் நெஞ்சுக்குள் யாரோ நடந்துகொண்டே இருப்பது போல இருக்கும். இரண்டு மாதத்தில் ஆறு கிலோ இறங்கினேன். ரத்தம், தைராய்டு, இதயத்துடிப்பு எல்லாம் பார்த்தாயிற்று, எதிலும் குறை இல்லை. சின்ன வயதிலிருந்தே என் நடைக்கும் குரலுக்கும் உட்காரும் விதத்துக்கும் "ஆம்பளை மாதிரி" என்று பேர் வாங்கியவள் நான். அதனால் என்னிடம் கோளாறு என்று ஒன்று இருந்தால் அது அங்கேதான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவளைக் காதலிக்கிறேன் என்பது மட்டும் தோன்றவே இல்லை. இப்போது சொன்னால் நம்புவது கஷ்டம். ஆனால் பெயர் தெரியாத ஆசை உடம்பில் முதலில் நோயாகத்தான் தெரிகிறது.

இணையத்தில் தேடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஷாமன் வட்டம் கண்ணில் பட்டது. ஷாமன் என்ற சொல் சைபீரியாவில் எவெங்கி போன்ற மக்களிடமிருந்து வந்தது. ஆவிகளோடு பேசி, நோய்க்குக் காரணம் கண்டு சொல்லி, வைத்தியமும் பார்ப்பவர் ஷாமன். ஆனால் இன்று காணொளி வழியாக நடக்கிற பல வட்டங்கள் மைக்கேல் ஹார்னர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1980 வாக்கில் பல மக்களின் சடங்குகளிலிருந்து பொதுவானவற்றை எடுத்துத் தொகுத்த முறையின் வழிவந்தவை. எனக்கு அது தெரியாது. ஆயிரமாயிரம் வருடப் பழமைக்குள் நேராக இறங்குவதாக நினைத்தேன். கண்ணைத் துணியால் மூடிக்கொண்டு தரையில் படுக்க வேண்டும். தட்டையான ஒரு தோல்கருவியை நிமிடத்துக்கு இருநூறு தடவைக்கும் மேல் ஒரே சீராக அடிப்பார்கள். மரத்தின் வேரடியையோ குகை வாயையோ நினைத்துக்கொண்டு அதன் வழியாகப் பூமிக்குள் இறங்க வேண்டும். எனக்கு வந்தது ஒரு கிணறு. அடி தொடும்போது, காரணமே தெரியாமல், வாய்விட்டு அழுதேன். அன்று ராத்திரி இரண்டு மாதத்துக்கு அப்புறம் முதல்முறையாக விடியும் வரை தூங்கினேன். இதை நான் மறைக்கக் கூடாது. அந்த ஒரு ராத்திரிக்கு நன்றியாகத்தான் பின்னால் நடந்த எதையும் நான் கேள்வி கேட்காமல் விட்டேன்.

ஆறு வாரம் கழித்துத் தனி அமர்வு. வழிகாட்டி கண்ணை மூடி வெகுநேரம் இருந்தார். அப்புறம், "ஒரு பெண்ணின் முகம் திரும்பத் திரும்ப வருகிறது. நீ அவளைக் காதலிக்கிறாய். ஆனால் காதலிப்பது நீ அல்ல, உன் வம்சத்தில் வாழ்ந்து முடிக்காமல் செத்துப்போன ஓர் ஆண்" என்றார். அவளைக் காதலிக்கிறேன் என்று எனக்கு முதன்முதலாகச் சொன்னவர் அவர்தான். சொன்ன கையோடு அந்தக் காதலை என்னிடமிருந்து பிடுங்கிச் செத்துப்போன ஒருவனிடம் கொடுத்துவிட்டார். எனக்கு அப்போது பெரிய நிம்மதியாக இருந்தது என்பதுதான் உண்மை. தப்பு என்னுடையது இல்லையே! ஆவியை எடுக்க மூன்று அமர்வு, தொலைந்துபோன பெண் ஆன்மாவை மீட்க நான்கு அமர்வு, அதற்குப் பிறகு ஐந்து நாள் முகாம். எல்லாம் முன்பணம், திருப்பித் தரமாட்டார்கள். இரண்டரை மாதச் சம்பளம் அதிலேயே போயிற்று.

முகாமில் இரண்டு நாள் உபவாசம், ராத்திரி முழுக்கப் பறையொலி. வீடு திரும்பிய பிறகு நான்கு ராத்திரி எனக்குச் சுத்தமாகத் தூக்கம் இல்லை. சுவரில் இருந்த நிழல்கள் என்னைப் பற்றிப் பேசுவது போல இருந்தது. ஐந்தாம் நாள் மருத்துவரிடம் ஓடினேன், மாத்திரையில் சரியாயிற்று. அவர் பொறுமையாக விளக்கினார். பட்டினியும் தூக்கமின்மையும் சேர்ந்தால் யாருக்கும் மனம் கழன்றுகொள்ளும். குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவோ இருதுருவ நோயோ இருந்தால் இப்படிப்பட்ட முகாம்கள் பெரிய ஆபத்து. ஏற்கெனவே மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்களை "நிறுத்திவிட்டு வா" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். என் முகாமில் ஒருவரிடம் அப்படிச் சொன்னார்கள். அவர் நல்லவேளையாக நிறுத்தவில்லை.

பள்ளியில் படித்த ஒன்று அந்த நாட்களில் எனக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. சங்கப் பாடல்களில் வெறியாட்டு வருகிறதே, அதைச் சொல்கிறேன். மகள் மெலிந்துபோகிறாள், வளை கழல்கிறது. தாய் பயந்து குறி சொல்லும் கட்டுவிச்சியைக் கூப்பிட்டு நெல்லை எண்ணிக் குறி கேட்கிறாள், முருகனின் பூசாரியான வேலனை வரவழைக்கிறாள். இது முருகன் அணங்கியது, அதாவது தெய்வம் பிடித்து வருத்துவது என்கிறான் வேலன். களம் இழைத்து, ஆட்டுக்குட்டியைப் பலி கொடுத்து, வெறிகொண்டு ஆடுகிறான். பெண்ணுக்கு ஆவியும் இல்லை, அணங்கும் இல்லை. அவள் மலைநாட்டான் ஒருவனை நினைத்து உருகுகிறாள், அவ்வளவுதான். ஒரு பாடலில் தோழி முருகனையே பார்த்து, தெய்வமானாலும் நீ அறியாதவன் என்கிறாள். இவளுடைய நோய் உன்னால் வந்ததல்ல என்று தெரிந்தும் வேலன் அழைத்தான் என்பதற்காக வந்து நிற்கிறாயே என்பது அவள் ஆதங்கம். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே இந்த மொழியில் ஒருத்தி இதைச் சொல்லிவிட்டாள். நான் ஆட்டுக்குட்டிக்குப் பதில் சம்பளத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆவி போகவில்லை, காதலும் போகவில்லை. இன்னொரு வழிகாட்டியிடம் போனேன். இவர் முதல் சந்திப்பிலேயே என்னைக் கட்டிக்கொண்டு, "உன்னிடம் எடுக்க எதுவும் இல்லை. நீ ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, தேர்ந்தெடுக்கப்பட்டவள். நீயே ஷாமன்" என்றார். இது முந்தையதைவிட ஆபத்தானது என்று உணர எனக்கு ஒரு வருடம் பிடித்தது. வாழ்நாள் முழுக்கக் குறையாகச் சொல்லப்பட்ட ஒன்றை ஒருவர் வரமாக மாற்றிக் கையில் கொடுத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? ராப்பகலாகப் படித்தேன். சைபீரியாவின் வடகிழக்கு மூலையில் வாழும் சுக்சி மக்களைப் பற்றி போகோராஸ் என்ற ஆய்வாளர் 1900-களின் தொடக்கத்தில் எழுதிய குறிப்புகளில் ஒரு விதவை வருகிறாள். மூன்று பிள்ளைகளின் தாய். ஆவிகள் சொன்னதாக முடியை வெட்டி, ஆண் உடை உடுத்தி, ஆண்கள் பேசும் உச்சரிப்பில் பேசப் பழகி, ஈட்டியைக் கையாளவும் துப்பாக்கி சுடவும் கற்றுக்கொள்கிறாள். கடைசியில் ஒரு சின்னப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். அந்தப் பக்கத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. அவளுக்குக் கிடைத்தது எனக்கும் கிடைக்கும் என்று நினைத்தேன்.

அதே ஆய்வாளர் அதே இடத்தில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார், அதை நான் கண்ணால் பார்த்தும் படிக்காமல் தாண்டினேன். பாலினத்தை மாற்றச் சொல்லி வரும் அந்த அழைப்பை இளைஞர்கள் அவ்வளவு அஞ்சினார்களாம், கீழ்ப்படிவதைவிடச் செத்துப்போகலாம் என்று நினைத்தவர்களும் உண்டாம். இந்தோனேசியாவின் சுலாவேசித் தீவில் வாழும் பூகிஸ் மக்களிடம் ஐந்து பாலினங்கள் உண்டு, அதில் பிஸ்ஸு எனப்படுகிறவர்கள் பூசாரிகள் என்று எல்லாரும் பெருமையாக எடுத்துக் காட்டுவோம். அந்த பிஸ்ஸுக்கள் 1950-களின் கலகத்தில் வேட்டையாடப்பட்டதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. புனிதம் என்ற இடம் எப்போதும் பாதுகாப்பான இடம் அல்ல. இந்த வழிகாட்டி என்னை "இரு ஆன்மா உடையவள்" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். அது வட அமெரிக்கப் பழங்குடி மக்கள் 1990-இல் கனடாவின் வின்னிபெக் நகரில் கூடியபோது, வெளியார் வைத்த இழிபெயரை உதறிவிட்டுத் தங்களுக்காக ஏற்றுக்கொண்ட பெயர். தங்கள் மக்களோடும் மண்ணோடும் சேர்ந்த பெயர். எனக்கு அதில் உரிமை இல்லை. பின்னால் இதைப் படித்தபோது வெட்கமாக இருந்தது. உங்களுக்கு யாராவது இன்னொரு மக்களின் பெயரைச் சூட்டினால், சூட்டுகிறவருக்கும் அந்த மக்களுக்கும் என்ன தொடர்பு என்று முதலில் கேளுங்கள்.

"தேர்ந்தெடுக்கப்பட்டவள்" என்ற வார்த்தைக்குப் பின்னாலேயே ஒரு வருடச் சீடர் பயிற்சி வந்தது. நான்கு மாதச் சம்பளம். அதைவிட என்னை அலைக்கழித்தது வேறு. வட்டத்தில் பேசுவதை எல்லாம் பதிவு செய்தார்கள். வர முடியாதவர்களுக்காக என்றார்கள். ஒரு நாள் நான் உடைந்து அழுது அவள் பெயரையும் சொல்லிவிட்டேன். அந்தப் பதிவு எனக்கு முகம் தெரியாத மாணவர்களுக்கெல்லாம் போயிருந்தது. நீக்கச் சொன்னால், அது வட்டத்தின் சொத்து என்றார்கள். எழுதி எழுதிக் கேட்டு ஐந்து மாதம் கழித்துத்தான் எடுத்தார்கள். அந்த ஐந்து மாதமும் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலே வயிற்றைப் பிசையும். பதிவு உண்டா, யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று எழுத்தில் வாங்காமல் எந்தக் குழுவிலும் வாயைத் திறக்காதீர்கள். அடுத்தவர் பெயரை எப்படியும் சொல்லாதீர்கள். குணப்படுத்துவதாகச் சொல்லி உடம்பைத் தொடுவதற்கும் முன்கூட்டியே சம்மதம் கேட்க வேண்டும். கேட்காமல் தொட்டால் எழுந்து வந்துவிடலாம், அதற்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை.

இந்தப் பயிற்சிக் காலத்தில் நான் முடியை வெட்டினேன், ஆண்பால் விகுதியில் என்னைக் கூப்பிடச் சொன்னேன். என் கூடப் பயின்ற ஒருவர் அதே நேரத்தில் அதையே செய்தார். "வந்தான்" என்று முதல்முறை யாரோ சொன்னபோது அவர் முகம் மலர்ந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். தண்ணீர் ஊற்றிய செடி மாதிரி இருந்தது. அவர் திருநம்பி, பிறந்தபோது பெண் என்று சொல்லப்பட்ட ஆண். ஆவி சொல்லித் தெரிந்துகொண்டவர் இல்லை, ஏழு வயதிலிருந்தே அவருக்குத் தெரியும். எனக்கு "வந்தான்" என்று கேட்டபோது யாரையோ கூப்பிடுகிறார்கள் என்றுதான் இருந்தது. வெட்டிய முடி பிடித்திருந்தது, சட்டை பிடித்திருந்தது, ஆனால் நான் பெண். எனக்குப் பெண்ணைப் பிடிக்கும். இவ்வளவுதான் விஷயம். இந்த ஒரு வரிக்கு வந்துசேர ஏன் இத்தனை காலம் ஆயிற்று என்றால், என்னை நடத்தியவர்கள் எல்லாரும் இரண்டு கேள்விகளை ஒன்றாக்கி வைத்திருந்தார்கள். பெண்ணைக் காதலிக்கிறாயா, அப்படியானால் உனக்குள் ஆண் இருக்க வேண்டும் என்பதே அவர்கள் கணக்கு. நான் யார் என்பது ஒரு கேள்வி. யார் மேல் எனக்கு ஈர்ப்பு என்பது வேறு கேள்வி. பெண்ணை விரும்பும் திருநங்கையும் உண்டு, ஆணை விரும்பும் திருநம்பியும் உண்டு. குழப்பத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது, ஒரு நோட்டில் இரண்டு தனித்தனிப் பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் எந்தப் பெயரில், எந்த உடம்பில், எந்த விகுதியில் எனக்கு நிம்மதி என்பதை எழுதுங்கள். இன்னொன்றில் யாரை நினைத்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்பதை எழுதுங்கள். ஒரு பக்கத்தின் விடையை வைத்து மறுபக்கத்தை நிரப்பாதீர்கள், நிரப்ப வருகிறவர்களையும் விடாதீர்கள். அவசரமும் வேண்டாம்.

பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு, இனி அறிவியலாகப் போவோம் என்று ஆழ்மன உளவியல் பார்க்கிற ஒருவரிடம் சேர்ந்தேன். வாரம் ஒரு மணி நேரம், பதினான்கு மாதம். அவர் கார்ல் யுங் என்ற சுவிஸ் மனநல மருத்துவரின் வழியில் வந்தவர். ஒவ்வோர் ஆணின் உள்ளேயும் அனிமா என்ற பெண் உருவமும், ஒவ்வொரு பெண்ணின் உள்ளேயும் அனிமஸ் என்ற ஆண் உருவமும் இருக்கிறது, அவற்றை வெளியாள் மேல் ஏற்றிப் பார்ப்பதைத்தான் காதலில் விழுவது என்கிறோம் என்பது யுங்கின் கோட்பாடு. கேட்க அழகாக இருக்கும். எனக்கு வினையானது அதன் அடுத்த படி. பெண் பெண்ணைக் காதலித்தால் இந்தக் கணக்கில் இடம் இல்லை. அதனால் "நீங்கள் அனிமஸோடு ஒன்றிவிட்டீர்கள், அது தனியே பிரிந்தால் இந்த ஈர்ப்பு தானாகத் தணியும்" என்றார் அவர். செத்துப்போன ஆண் மறுபடி வந்துவிட்டான், இந்தத் தடவை புத்தகத்திலிருந்து.

ஒரு கனவைச் சொல்ல வேண்டும். நானும் அவளும் துவைத்துக் காய்ந்த ஒரு வெள்ளைப் போர்வையை மடிக்கிறோம். இரண்டு முனை என் கையில், இரண்டு முனை அவள் கையில். இழுத்துப் பிடித்து உதறுகிறோம். பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வருகிறோம். முனைகள் சேரும் இடத்தில் அவள் விரல் என் விரலில் படுகிறது. அவள் என் முனைகளையும் வாங்கிக்கொண்டு குனிந்து கீழ்மடிப்பை எடுக்கிறாள். வெயில் வாசனை. அவ்வளவுதான் கனவு. எழுந்தபோது தலையணை நனைந்திருந்தது. அந்த மாதம் நான்கு அமர்வு இந்தக் கனவிலேயே போயிற்று. நான்கு முனை என்பது முழுமையின் குறியீடு, வெள்ளை என்பது இன்னும் எழுதப்படாத சுயம், எதிரில் நிற்பவள் என் நிழல், அதாவது நான் எனக்குள் ஒதுக்கிவைத்த பகுதி என்றார் அவர். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். ஒரு தடவைகூட, "எனக்கு அவளோடு ஒரு வீட்டில் இருந்து போர்வை மடிக்க ஆசையாக இருக்கிறது" என்று என் வாயில் வரவில்லை. கனவு அதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்லும்?

அதிலிருந்து நான் வெளியே வந்தது உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்டைப் படித்ததால். ஆச்சரியமாக இருக்கும், எனக்கும் ஆச்சரியம்தான். 1920-இல் அவர் எழுதிய ஒரு நோயாளிக் குறிப்பில் 18 வயதுப் பெண் ஒருத்தி வருகிறாள். தன்னைவிட ஏறக்குறைய பத்து வயது மூத்த ஒரு பெண்ணைக் காதலிக்கிறாள். இருவரும் தெருவில் நடந்து போகும்போது அப்பா பார்த்து முறைக்கிறார். அந்தப் பெண் ரயில் தண்டவாளத்தில் குதித்துவிடுகிறாள், பிழைத்துக்கொள்கிறாள். ஆறு மாதம் கழித்துப் பெற்றோர் அவளை ஃப்ராய்டிடம் கொண்டுபோகிறார்கள். வேலனைக் கூப்பிட்ட தாய் நினைவுக்கு வந்தது அப்போதுதான். ஃப்ராய்ட் என்ன எழுதினார் தெரியுமா? இந்தப் பெண்ணுக்கு நோய் இல்லை. ஓரினத்தை விரும்புகிறவரை மாற்றுவது, எதிரினத்தை விரும்புகிறவரை மாற்றுவதைவிட அதிகம் பலிக்கக்கூடிய காரியம் அல்ல. உடலின் பால் ஒன்று, மனதில் ஆண்தன்மை பெண்தன்மை ஒன்று, யாரை விரும்புகிறோம் என்பது ஒன்று, இந்த மூன்றும் ஓரளவுக்குத் தனித்தனியாகத்தான் இயங்குகின்றன. நான் மூன்று வருடம் கொடுத்துக் கண்டுபிடித்த அந்த இரண்டு பக்க நோட்டு நூறு வருடத்துக்கு முன்பே அச்சில் இருந்தது. அவள் ஏன் பெண்ணை விரும்பினாள் என்பதற்கு அவர் சொன்ன காரணங்களை நான் ஏற்கவில்லை. அவளும் ஏற்றிருக்க மாட்டாள். அவள் 1999 வரை, 99 வயது வரை வாழ்ந்தாள். அவள் உயிராக நேசித்தவர்கள் கடைசி வரை பெண்கள்தான்.

அடுத்த அமர்வில் இதை எடுத்துச் சொன்னேன். "எதிர்ப்பு காட்டுகிறீர்கள்" என்றார். அன்றோடு நிறுத்திக்கொண்டேன். யுங் மேல் பழி போட்டு முடித்துவிடவும் எனக்கு மனம் இல்லை. அவரே ஓர் இடத்தில், தன்பாலீர்ப்பை எல்லா நிலையிலும் எதிர்மறையாகத் தீர்ப்பிடக் கூடாது என்று எழுதியிருக்கிறார். ஆனால் அந்த வரிக்குக் காரணமாக அவர் சொல்வது, ஆணும் பெண்ணுமான ஆதி மனிதனின் படிமத்தை இவர்கள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்பது. அதுவும் ஒரு வகையில் "தேர்ந்தெடுக்கப்பட்டவள்"தான். நோயாளியாகவும் வேண்டாம், தெய்வமாகவும் வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரியாக இருந்துவிட்டுப் போகிறேன் என்பதுதான் என் ஆசை. அனிமாவையும் அனிமஸையும் உடலின் பாலோடு கட்டிவைக்காமல் பேசுகிற யுங் வழி ஆலோசகர்கள் இன்று நிறைய இருக்கிறார்கள். எனக்கு வாய்த்தவர் அப்படி இல்லை.

ஆகவே யாரிடம் போவதானாலும், பணம் கட்டும் முன் நேராக ஒரு கேள்வி கேளுங்கள். "நான் பெண்ணாகவே இருந்து பெண்ணையே காதலித்தால், அல்லது நான் வேறு பாலினம் என்று உறுதியானால், அது உங்களுக்குச் சம்மதமான முடிவா?" ஆம் என்ற ஒற்றைச் சொல்லில் பதில் வர வேண்டும். "சமநிலை வந்தால் தானாகச் சரியாகும்", "வேரைப் பார்ப்போம்" என்று சுற்றி வளைத்தால் அங்கேயே எழுந்துவிடுங்கள். என்ன படித்தார், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறார், புகார் செய்ய அமைப்பு உண்டா என்று கேளுங்கள். ஆறு அமர்வுக்கு மேல் முன்பணம் கட்டாதீர்கள், ரசீது இல்லாமல் கட்டவே கட்டாதீர்கள். உங்களிடம் சொல்கிற எதையும் சரிபார்க்க உதவும் சில விவரங்கள்: அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து 1973-இல் நீக்கியது, உலக சுகாதார நிறுவனம் 1990-இல் நீக்கியது. 2022-இல் நடைமுறைக்கு வந்த அந்த நிறுவனத்தின் புதிய பட்டியலில் திருநர் அடையாளம் மனநோய் அத்தியாயத்திலிருந்தே வெளியே வந்துவிட்டது. அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர் சங்கம், இத்தனை காலம் இதை நோயாக நடத்தியதற்காக 2019-இல் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. ஒருவரின் ஈர்ப்பையோ பாலின அடையாளத்தையோ மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைக்கு மால்டா நாடு 2016-இல் தடை போட்டது. சென்னை உயர்நீதிமன்றம் 2021-இல், இதில் இறங்கும் தொழில்முறையாளர்களின் உரிமத்தை ரத்து செய்வது வரை நடவடிக்கை எடுக்கச் சொன்னது. நீங்கள் இருக்கும் நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் மூன்று வருடம் இரண்டு மாதம். கூட்டிப் பார்த்தால் என் பத்து மாதச் சம்பளம். எல்லாம் வீண் என்று சொல்ல மாட்டேன். முதல் நாள் கிணற்றடியில் வந்த அழுகை என்னுடையது. கனவை எழுதி வைக்கும் பழக்கம் இன்றும் இருக்கிறது. ஆனால் இப்போது கனவு கண்டால் முதலில் அதை அப்படியே, அதில் இருக்கும் ஆளை ஆளாகவும் போர்வையைப் போர்வையாகவும் வைத்துப் படிக்கிறேன்.

அகத்திணையில் ஒரு துறை உண்டு, அறத்தொடு நிற்றல். தலைவியின் காதலைத் தோழி வீட்டாரிடம் எடுத்துச் சொல்வதற்குப் பெயர் அது. காதலைச் சொல்வதற்கு அறத்தோடு நிற்பது என்று பெயர் வைத்தவர்கள் நம் ஆட்கள். எனக்கு அப்படி நின்றவள் என் அக்கா. அதையும் நான் திட்டமிடவில்லை. மாடியில் இரண்டு பேரும் காய்ந்த துணி எடுத்துக்கொண்டிருந்தோம். போர்வையின் இரண்டு முனையை என்னிடம் நீட்டினாள். பிடித்தேன், கை நடுங்கியது. என்னவென்று கேட்டாள். மூன்று வருடத்தையும் அங்கேயே நின்று சொன்னேன். ஆவி, அனிமஸ், கனவு, பணம், அவள் பெயர், எல்லாம். அக்கா முனையை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும் முன்னால் நடந்து வந்து என் கையிலிருந்த முனைகளை வாங்கிக்கொண்டு, "அவளுக்குத் தெரியுமாடி?" என்றாள்.

இத்தனை பேரில் யாரும் அதைக் கேட்டதில்லை. நானே கேட்டுக்கொண்டதில்லை.

அடுத்த வாரம் அவளைக் கூப்பிட்டேன். அவள் இப்போது வேறொருவரோடு இருக்கிறாள், சந்தோஷமாக இருக்கிறாள், அது தெரிந்தேதான் கூப்பிட்டேன். எதுவும் கேட்கவில்லை, இருந்ததை மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "நான் கிளம்பின அன்றைக்கு வாசலில் நின்று ஏதோ சொல்ல வந்தாயே, அது இதுதானா?" என்றாள்.

இதுதான் என்றேன்.